ராம் மிச்சம் இருக்கிறது, ஆனால் மெமரி போதவில்லை: வீட்டுக் கம்ப்யூட்டரில் வர்ச்சுவல் மெமரி அமைத்த அனுபவம்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் ராம் 8 ஜிபி. பகலில் என் கணக்கு வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. டாலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், கூடவே குரோமில் எந்நேரமும் திறந்து கிடக்கும் டேப்கள். ராத்திரியானால் அக்கா மகள் உட்கார்ந்துவிடுவாள். பாளையங்கோட்டையில் எங்களோடு தங்கி இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். வாழை இலையைப் படம் எடுத்துக் கொடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ஒரு ப்ராஜெக்ட் செய்கிறாள். பைத்தான் மொழி, ஏஐ பயிற்சிக்கான பைதார்ச் தொகுப்பு, அதற்காகவே வாங்கிப் போட்ட ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு.

அந்தப் புரோகிராமை ஓட்டினால் சில விநாடிகளிலேயே நின்றுவிடும். பிழை எண் 1455. இந்த வேலையை முடிக்கப் பேஜிங் ஃபைல் போதவில்லை என்று விண்டோஸ் சொல்லும். ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கும் கோப்புதான் பேஜிங் ஃபைல்; செட்டிங்ஸில் வர்ச்சுவல் மெமரி என்று அமைப்பது இதைத்தான். அவள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சித்தி, இங்க பாருங்க. ராம்ல ரெண்டரை ஜிபி சும்மாதான கெடக்கு. பெறவு எதுக்கு மெமரி பத்தலங்குது?"

அவள் காட்டியது 'அவெய்லபிள்' என்ற எண்ணை. அதற்குப் பக்கத்திலேயே 'கமிட்டெட்' என்று இன்னொரு எண் இருந்தது: 7.6/7.9 ஜிபி. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் பார்த்துப் பழக வேண்டிய எண் அதுதான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் பார்ப்பவள் என்பதால் எனக்கு இது வங்கியின் ஓவர்டிராஃப்ட் வழியாகத்தான் விளங்கியது. வங்கி ஒரு கடைக்காரருக்குப் பத்து லட்சம் லிமிட் கொடுக்கிறது. அவர் எடுத்திருப்பது இரண்டு லட்சம்தான். மீதி எட்டு லட்சம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டிய பணம் அது. ஒரு புரோகிராம் மெமரி கேட்கும்போது விண்டோஸும் இப்படித்தான் முதலில் லிமிட்டை ஒதுக்குகிறது. இந்த வாக்குக்குப் பெயர்தான் கமிட். அந்தப் புரோகிராம் ஒரு பக்கத்தை உண்மையிலேயே தொடும்போதுதான் அது ராமில் இடம் பிடிக்கும். பக்கம் என்பது மெமரியைப் பிரித்துக் கையாளும் ஒரு துண்டு, சாதாரணமாக 4 கேபி. கொடுத்த வாக்கெல்லாம் சேர்ந்து, ராமும் பேஜிங் ஃபைலும் கூட்டிய அளவைத் தாண்ட விண்டோஸ் விடவே விடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டாலும் கொடுக்க முடிய வேண்டும் என்பது அதன் கொள்கை. லினக்ஸ் இந்த விஷயத்தில் தாராளம். கையில் இருப்பதைவிடக் கூடவே வாக்குக் கொடுத்துவிட்டு, உண்மையான நெருக்கடி வரும்போது ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தி இடம் பிடிக்கும்.

இப்போது அவள் கேள்விக்குப் பதில் தெளிவாகிவிடுகிறது. படங்களைப் படித்துத் தருவதற்குப் பைதார்ச் தனித்தனி வொர்க்கர்களைக் கிளப்புகிறது. விண்டோஸில் ஒவ்வொரு வொர்க்கரும் புதிதாகத் தொடங்கும் ஒரு பைத்தான் புரோசஸ். கிராஃபிக்ஸ் கார்டுக்கான பெரிய பெரிய டிஎல்எல் கோப்புகளை ஒவ்வொன்றும் முதலிலிருந்து ஏற்றிக்கொள்ளும். ஏற்றும்போதே ஜிபி கணக்கில் கமிட் கேட்கும். அதில் பெரும்பகுதியைப் பிறகு தொடுவதே இல்லை. அதனால்தான் ராம் காலியாகக் கிடக்கும்போதே லிமிட் தீர்ந்துவிடுகிறது.

சரி, 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் கமிட் எல்லை ஏன் 7.9லேயே நிற்கிறது? பேஜிங் ஃபைல் இருந்தால் அதற்கு மேல் அல்லவா இருக்க வேண்டும்? செட்டிங்ஸைத் திறந்தபோது காரணம் தெரிந்தது: 'நோ பேஜிங் ஃபைல்'. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக்கொடுத்த கடையில் அப்படி மாற்றியிருந்தார்கள். போய்க் கேட்டபோது, எஸ்எஸ்டி தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். ஊர் முழுக்க இந்த ஆலோசனை சுற்றிக்கொண்டிருப்பதால் இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எழுதும் வரம்பு 80 டெராபைட். விலை குறைந்த வகைதான் அது. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுவதாக வைத்துக்கொண்டாலும் 4,000 நாள் ஆகும். அதாவது கிட்டத்தட்ட 11 வருடம். வீட்டு உபயோகத்தில் பேஜிங் ஃபைலுக்கு மட்டும் தினமும் அவ்வளவு எழுதும் கம்ப்யூட்டருக்கு ராம் போதவில்லை என்றுதான் பொருள். எஸ்எஸ்டியைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம். விண்டோஸ் 7 வெளிவந்த 2009ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இதை அளந்து பார்த்தே சொன்னார்கள்: பேஜிங் ஃபைலில் எழுதுவது ஒரு பங்கு என்றால் வாசிப்பது சுமார் 40 பங்கு. சின்னச் சின்ன வாசிப்புகள், எப்போதாவது பெரிய எழுத்து. எஸ்எஸ்டியில் வைப்பதற்கு இவ்வளவு பொருத்தமான கோப்பு வேறு அதிகம் கிடையாது என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. பேஜிங் ஃபைலை நிறுத்தி எஸ்எஸ்டியைக் காப்பாற்றுவதாக நினைப்பவர்கள், இழப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வேலை பாதியில் நிற்கும், சேமிக்காத எக்செல் போய்விடும், நீலத்திரை வந்தால் எதனால் வந்தது என்று பார்ப்பதற்கு டம்ப் கோப்பும் பதிவாகாது.

அமைக்கும் இடம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறக்க வேண்டும். வருகிற பெட்டியில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டன், அதில் அட்வான்ஸ்டு டேப், அங்கே வர்ச்சுவல் மெமரிக்குக் கீழே 'சேஞ்ச்'. மேலே ஒரு டிக் இருக்கும்: எல்லா டிரைவுக்கும் பேஜிங் ஃபைல் அளவைத் தானாகவே பார்த்துக்கொள் என்பது. அதை எடுத்தால்தான் கீழே உள்ளவை திறக்கும். எண்களை எம்பி கணக்கில் கொடுக்க வேண்டும், 4 ஜிபி என்றால் 4096. எண்களைப் போட்ட பிறகு பக்கத்திலுள்ள 'செட்' பட்டனை அழுத்திவிட்டுத்தான் ஓகே கொடுக்க வேண்டும். நேராக ஓகே கொடுத்தால் போட்டது பதிவாகாது; பலரும் மாற்றிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருப்பது இங்கேதான். அளவைக் கூட்டினால் பெரும்பாலும் ரீஸ்டார்ட் தேவைப்படாது. குறைத்தால் தேவைப்படும்.

என்ன எண் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு சூத்திரம் சொல்கிறார்கள். ராமைப் போல ஒன்றரை மடங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொடக்க அளவு ஒன்றரை மடங்கு, உச்ச அளவு மூன்று மடங்கு என்று இருந்தது. 512 எம்பி ராம் இருந்த நாட்களில் 768 எம்பி என்பது நியாயமான எண். அதையே 16 ஜிபி உள்ளவர் பின்பற்றினால் 24 ஜிபி இடத்தை வீணாக அடைத்து வைப்பார். 4 ஜிபி உள்ளவருக்கோ 6 ஜிபி போதாமல் போகலாம். ராம் குறைவாக இருப்பவருக்குத்தான் பேஜிங் ஃபைல் அதிகம் வேண்டும். இந்தச் சூத்திரம் நேர் எதிராக அல்லவா கொடுக்கிறது?

விண்டோஸின் உட்புறத்தை நன்கு அறிந்த மார்க் ருசினோவிச் சொல்லும் வழி எனக்குச் சரியாகப் பட்டது, ஏனென்றால் அது அளந்து பார்க்கச் சொல்கிறது. வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். அப்போது கமிட் எந்த உச்சம் வரை போகிறது என்று பார்த்து, அதிலிருந்து ராமின் அளவைக் கழித்தால் வருவது குறைந்தபட்ச அளவு. அதைப்போல் இரண்டு மடங்கு அதிகபட்சம். உச்சத்தைப் பார்க்க, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது. அதன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பெட்டியில், கம்ப்யூட்டரை ஆன் செய்ததிலிருந்து இதுவரை எட்டிய உச்சம் தனி வரியாக இருக்கும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை; வேலை எல்லாம் முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் போதும்.

அளப்பதற்காக முதலில் 'சிஸ்டம் மேனேஜ்டு' என்று வைத்தோம். அங்கே ஒரு விஷயம் கண்ணில் பட்டது, நம் ஊரில் பலருக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 10 தானாக வைக்கும்போது பேஜிங் ஃபைலை ராமைப் போல் மூன்று மடங்கு வரைக்கும் வளர விடுகிறது (ராம் மிகக் குறைவு என்றால் 4 ஜிபி வரை). ஆனால் அந்த டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. கடைகளில் டிஸ்க்கைப் பிரிக்கும்போது சி டிரைவைச் சிறிதாக வைத்து, மீதியை டி, ஈ என்று வைத்துக் கொடுப்பது வழக்கம். எங்கள் சி டிரைவ் 80 ஜிபி. ஆகவே 24 ஜிபி வரை போக வேண்டியது 10 ஜிபியோடு நின்றுவிடும். அந்த 10 ஜிபிக்கும் சி டிரைவில் இடம் வேண்டுமே! காலியாக இருந்தது 6 ஜிபிதான். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், பழைய டாலி பேக்கப்புகள், அவள் இறக்கிவைத்த படத்தொகுப்புகள் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிய பிறகுதான் அளக்கவே முடிந்தது. பேஜிங் ஃபைல் எண்களைத் தொடுவதற்கு முன் சி டிரைவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அவள் ப்ராஜெக்ட்டில் வொர்க்கர் எண்ணிக்கை நான்கு என்று இருந்தது. அப்படியே ஓட்டியபோது கமிட் உச்சம் 15 ஜிபியை நெருங்கியது. புரோகிராம் ஓடியது, பிழை இல்லை. ஆனாலும் நான் அவளிடம் வொர்க்கரை இரண்டாகக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். உச்சம் 11.4 ஜிபிக்கு இறங்கியது, பயிற்சி முடிய ஆகும் நேரத்தில் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேட்பதைக் குறைக்க முடியுமா என்று பார்க்காமல் கொடுப்பதை மட்டும் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. குரோமில் திறந்து மறந்த டேப்களுக்கும், கம்ப்யூட்டரோடு சேர்ந்தே எழுந்துகொள்ளும் புரோகிராம்களுக்கும் இது பொருந்தும்.

11.4இல் 7.9 போனால் 3.5. அதைச் சற்றுக் கூட்டி, தொடக்க அளவு 4096, அதிகபட்சம் 8192 என்று வைத்தேன். தானாகவே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரி, அதைத் தயங்காமல் சொல்வேன். எங்களுக்குக் கையால் வைக்க ஒரு காரணம் இருந்தது. தானாக வைக்கும் விண்டோஸ் சிறிய அளவில் தொடங்கி, தேவை வரும்போது ஃபைலை வளர்க்கும். வளர்க்க நேரம் ஆகும். வொர்க்கர்கள் எல்லாம் ஒரே நொடியில் ஜிபி கணக்கில் கேட்கும்போது, ஃபைல் வளர்வதற்குள் கேட்டது கிடைக்காமல் போய்விடலாம். ஃபயர்ஃபாக்ஸ் உருவாக்குபவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். கேட்ட மெமரி கிடைக்கவில்லை என்றால் உடனே விழாமல் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும்படி 2022இல் மாற்றி எழுதினார்கள். விண்டோஸில் அது விழுவது நன்றாகக் குறைந்தது. எல்லாப் புரோகிராமும் அப்படிப் பொறுக்காது. தொடக்க அளவை உண்மையான தேவைக்கு வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினையே எழாது.

தொடக்கத்தையும் அதிகபட்சத்தையும் ஒரே எண்ணாக வைக்கச் சொல்வார்கள், ஃபைல் துண்டு துண்டாகாது என்று. ஹார்டு டிஸ்க்கில் அதற்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. எஸ்எஸ்டியில் இல்லை.

எங்கள் வீட்டில் சரியானதைக் கேள்விப்பட்டு அண்ணன் போன் செய்தார். அவர் வீட்டில் 4 ஜிபி ராமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள பழைய லேப்டாப்.

"ஏ பிள்ள, அந்த வர்ச்சுவல் மெமரிய 16 ஜிபி ஆக்கிட்டா வேகம் வந்துருமாம்லா? கொஞ்சம் வந்து பாத்துக் குடு."

போய்ப் பார்த்தேன். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி டேப்பில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்ற வரைபடத்தைக் காட்டினேன். ராமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேரும் தடவைகளை அது காட்டும். புரோகிராம் ஒன்றைத் திறக்கும்போது அது ஒரு முறை எகிறி இறங்குவது இயல்பு. அண்ணன் லேப்டாப்பில் இறங்கவே இல்லை. குரோம் திறந்து, ஒரு வேர்டு கோப்பும் திறந்தால் போதும், டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுவிடும், மௌஸ் கூட நகராது. ராமில் இடமில்லாமல், ஒரு பக்கத்தை வெளியே தள்ளி இன்னொன்றை உள்ளே கொண்டுவந்து, மறுகணமே தள்ளியதைத் திரும்பத் தேடும் நிலை இது. 1968லேயே பீட்டர் டென்னிங் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார், த்ராஷிங் என்று பெயர். ராமில் இருப்பதை எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் தலை நகர்ந்து தேடி எடுக்க 10 மில்லி விநாடி. லட்சம் மடங்கு. பேஜிங் ஃபைலை 16 ஜிபி ஆக்கினாலும் 60 ஜிபி ஆக்கினாலும் அந்த லட்சம் மடங்கு அப்படியேதான் இருக்கும். புரோகிராம் விழாமல் இருக்கும், அவ்வளவுதான். வேகம் அதிலிருந்து வராது.

அதே டிஸ்க்கின் டி டிரைவுக்குப் பேஜிங் ஃபைலை மாற்றினால் வேகம் கூடும் என்று வேறு யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சி, டி என்று பெயர்தான் இரண்டு, தலை ஒன்றுதான். அது இரண்டு இடத்துக்கும் ஓடி ஓடி இன்னும் தாமதம்தான் ஆகும். இரண்டாவதாகத் தனி டிஸ்க் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அண்ணனிடம் நான் சொன்னது இது: தானாகவே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள், கையில் காசு வரும்போது முதலில் 4 ஜிபி ராம், அடுத்தது எஸ்எஸ்டி. ராம் போட்டார். லேப்டாப் பிழைத்துக்கொண்டது.

வர்ச்சுவல் மெமரி என்ற இந்த ஏற்பாடே மெமரி விலையிலிருந்துதான் பிறந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டர் 1962இல் செயல்பாட்டுக்கு வந்தது. அப்போது வேகமான கோர் மெமரி கடும் விலை. அதைக் கொஞ்சமாக வைத்து, சுழலும் காந்த டிரம்மில் அதைப்போல் ஆறு மடங்கு இடம் வைத்தார்கள். புரோகிராம் எழுதுபவருக்கு இரண்டும் ஒரே மெமரியாகத் தெரியும்படி செய்தார்கள். எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதை இயந்திரமே பார்த்துக்கொண்டது. அக்கா மகளின் வாழை இலைப் படங்களும் அந்த வழியில்தான் ஓடுகின்றன.

கணக்கு வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பேஜிங் ஃபைல் என்பது சி டிரைவில் மறைந்திருக்கும் பேஜ்ஃபைல்.சிஸ் என்ற கோப்பு. ராமில் இருந்த எதுவும் அதில் போய் உட்காரலாம்: வாடிக்கையாளரின் பான் எண், திறந்து வைத்த பேங்க் ஸ்டேட்மென்ட், சில நேரம் பாஸ்வேர்டு கூட. கம்ப்யூட்டரை அணைத்தாலும் டிஸ்க்கில் அது அப்படியே கிடக்கும். எங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள், நான் கொடுக்கவில்லை. டாலி ஃபோல்டரை அழித்துவிட்டோமே என்று நினைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபோல்டரை அழிப்பதோ சும்மா ஃபார்மட் செய்வதோ இதற்குப் போதாது, முழு டிஸ்க்கையும் மேலெழுதி அழிக்க வேண்டும். அணைக்கும்போதெல்லாம் பேஜிங் ஃபைலைத் துடைக்கும் அமைப்பு விண்டோஸில் உண்டு, ஆனால் அணைய நெடுநேரம் எடுக்கும். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு பிட்லாக்கரில் டிரைவையே பூட்டி வைப்பது நல்ல வழி.

இந்தத் தை மாதத்தில் இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கிப் போட்டோம். இப்போது கமிட் உச்சம் 11.4, ராம் 16, கழித்தால் மைனஸில் வருகிறது. "இப்பமாவது பேஜிங் ஃபைல எடுத்துரலாமா சித்தி?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. கையால் வைத்த எண்களை நீக்கிவிட்டு, தானாகவே பார்த்துக்கொள்ளும் டிக்கைத் திரும்பப் போட்டேன், செட் அழுத்தவும் தேவையில்லாமல் ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்தோம். சி டிரைவில் மட்டும் 15 ஜிபிக்குக் குறையாமல் காலியாக வைத்திருக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். வொர்க்கரை மறுபடி நான்காக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.